முழுமையாகப் பார்க்கப்பட்டது

நில அளவை வாரியத்தின் விசாரணைக் குழு அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு ஒரு கறுப்புக் கட்டத்தைப் பார்க்கத் தொடங்கியது. பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது பார்த்து முடித்தது.

கட்டத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. “இந்தக் கோப்பு வகையை உங்கள் உலாவி ஆதரிக்கவில்லை.” குழுவில் மூன்று பேர். மூவரும் படித்தவர்கள். அந்த வரியை முதல் நிமிடத்திலேயே படித்துவிட்டார்கள். மீதி நாற்பத்தொரு நிமிடமும் அவர்களை உட்காரவைத்தது விசாரணைக் கையேட்டின் பத்தொன்பதாம் விதி. சாட்சியமாக இணைக்கப்படும் காணொளி எதுவானாலும் அதை வாரியத்தின் இணையவாசலில் ஏற்றி, உலாவி வழியாக மட்டுமே, முழு நீளத்துக்கும் பார்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. படம் தெரிய வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

“கண்ணை எடுக்காதீங்க. நடுவுல ஓட ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும்” என்றார் குழுத் தலைவரான துணை இயக்குநர். சட்ட அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கணினிப் பிரிவு அதிகாரி இரண்டு முறை எழுந்து போய்த் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பு இன்னும் நல்ல கறுப்பாகத் தெரிந்தது.

குழுவுக்குப் பக்கத்தில் தனி மேசையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் ஆவண அறை எழுத்தர். அலுவலகத்தில் எல்லாரும் அவரைப் பதிவேட்டுக்காரர் என்பார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; தட்டச்சில் பிழை வராது. இருபத்திரண்டு வருடமாக வாரியத்தின் எல்லா விசாரணைகளுக்கும் அவர்தான் குறிப்பு எழுதினார்.

“எழுதிக்கப்பா” என்றார் துணை இயக்குநர். “இணைப்பு நான்கு. காணொளி. நாற்பத்திரண்டு நிமிடம். குழுவால் முழுமையாகப் பார்க்கப்பட்டது.”

“சார், படம் வரலையே.”

“வந்துச்சுன்னு நான் சொன்னேனா? பார்க்கப்பட்டதுன்னுதானே சொன்னேன்.”

“சரியான வார்த்தை” என்றார் சட்ட அலுவலர். “நாம பார்த்தோம். அது காட்டலை. ரெண்டும் வேற வேற.”

“அடுத்த வரி. தூய்மைப் பணியாளர் ஜன்னலை மூடியதாகக் காணொளியில் தெரியவில்லை.”

பதிவேட்டுக்காரரின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு அந்த வரியைத் தட்டச்சு செய்தன. வழக்கம்போலப் பிழை இல்லை.

வழக்கு இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெய்த மழையில் ஆவண அறையின் ஜன்னல் திறந்து கிடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை விடவில்லை. திங்கட்கிழமை பார்த்தபோது முப்பத்தொரு அளவைப் பதிவேடுகள் ஊறி, ஊதிப்போன ரொட்டி மாதிரி அலமாரியில் பிதுங்கி நின்றன. மாலையில் எல்லா ஜன்னல்களையும் மூட வேண்டியது கூட்டிப் பெருக்குகிற அக்காவின் வேலை. ஆகவே குற்றம் அக்காவுடையது.

“கதவு பூட்டியிருந்துச்சுங்க. கதவுக்குப் பக்கத்து ஆணியில சாவியைக் காணோம்” என்று அக்கா குழுவின் முன்னால் சொன்னார்.

“திங்கட்கிழமை சாவி ஆணியிலதான் இருந்திருக்கு” என்றார் சட்ட அலுவலர்.

“வெள்ளிக்கிழமை இல்லீங்க.”

“அப்ப சாவி தானா நடந்து போயிட்டுத் தானா திரும்பி வந்துச்சா?”

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, “சாவி இல்லை எனக் கூறுகிறார், சான்று ஏதுமில்லை” என்று எழுதிக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதிவு செய்பவரை விசாரிக்க விதியில் இடமில்லை.

ஜன்னலைத் திறந்தவர் அவர்தான். சிகரெட் பிடிப்பதற்காகத் திறந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்த சிகரெட். அன்றைக்கு முடிவெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை; வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று மூன்று மணிக்கே யாருக்கும் சொல்லாமல் கிளம்பினார். கிளம்புகிற அவசரத்தில் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முடிவெட்டுகிற நாற்காலியில் கழுத்துவரை துணி சுற்றி உட்கார்ந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் மழையைப் பார்த்ததும் ஜன்னல் ஞாபகம் வந்தது. அக்கா மூடிவிடுவார் என்று நினைத்துக்கொண்டார். சாவி துணிக்கு அடியில், அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவரும் அவர்தான். கதவைத் திறந்தார். அறையைப் பார்த்தார். வெளியே வந்து சாவியை ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகுதான், “ஐயோ, யாராவது வாங்களேன்” என்று கத்தினார். வரிசை அதுதான். பிற்பாடு அவர் எத்தனை தடவை யோசித்துப் பார்த்தபோதும் அந்த வரிசை மாறவில்லை.

காமிராப் பதிவைக் குழு கேட்டிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உலாவியில் அந்தச் சாம்பல் வரி வந்த நொடியில் அவர் மனசு என்ன செய்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. துள்ளியது. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதே கிடையாது.

மறுநாள் அக்காவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். துடைப்பம் இரண்டு, வாளி ஒன்று, தரைத்துடைப்பான் ஒன்று ஆகியவற்றை ஒப்படைத்ததற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அக்கா நேராக ஆவண அறைக்கு வந்தார்.

“நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க சார். மத்தவங்க எண்ணிப் பார்ப்பாங்க. நீங்க என்னை நம்புவீங்க.”

அவர் எண்ணாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு சலவைக் கடையில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலைக்குப் போனார். அந்தக் கடை அலுவலகத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அக்கா ஒரு விரிப்பின் நுனியை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடிப்பதைப் பதிவேட்டுக்காரர் தினமும் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் நாள் முதல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். ஆறாம் நாள் நடக்கிற வழியெல்லாம் அந்தக் கண்ணாடியே கூட வந்தது. ஏழாம் நாள் காலையில் துணை இயக்குநரின் அறைக்குள் போய், உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டார்.

“சார், அந்த ஜன்னலைத் திறந்தது நான். சாவியை எடுத்துட்டுப் போனதும் நான்தான்.”

துணை இயக்குநர் பேனாவை மூடினார். அவர் நல்ல மனிதர். பேச வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார்.

“உட்காருங்க. உங்க மனசு கஷ்டப்படுது. எனக்குப் புரியுது. ஆனா நீங்க சொல்றது எந்த இணைப்பு?”

“இணைப்பு இல்ல சார். உண்மை.”

“அதுக்கு எண் என்ன?”

“எண் எதுவும் இல்ல சார்.”

“எண் இல்லாததை நான் எந்தக் கோப்புல வைக்கறது? அதைவிடுங்க. காணொளியை நாங்க மூணு பேரும் முழுசாப் பார்த்தோம். அதுல நீங்க இருந்ததா நடவடிக்கைக் குறிப்புல இல்லை. அந்தக் குறிப்பை எழுதினது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்ப இங்க உட்கார்ந்து பேசற உங்களை நம்பறதா, எழுத்துப்பிழையே விடாத உங்களை நம்பறதா?” அவர் ஜன்னல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “இந்த வாரியம் ஆரம்பிச்சு இத்தனை வருஷத்துல ஒரு தப்பு நடந்ததில்லை. ஏன் தெரியுமா? நடந்ததா ஒரு குறிப்புகூட இல்லை. நீங்க வந்து இப்படித் திடீர்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒத்துக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் நிர்வாகம் எப்படி நடக்கும்? அவ்வளவு உறுத்தினா ஒண்ணு பண்ணுங்க. காணொளியை ஓடவைங்க. ஓடினா பார்க்கலாம்.”

பதிவேட்டுக்காரர் கணினிப் பிரிவு அதிகாரியிடம் போனார். அங்கே குளிர் அதிகம். அதிகாரி கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டியிருந்தார்.

“உலாவியில ஓடாத வீடியோ வீடியோவே இல்ல சார்” என்றார் அவர். “அது வெறும் கோப்பு.”

“வேற எதுலயாவது போட்டுப் பார்க்க முடியாதா? காமிரா கம்பெனிக்காரங்களே இதை ஓட்டறதுக்கு ஒண்ணு தர்றாங்களாமே.”

“வெளி மென்பொருள் எதையும் நிறுவக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. நான்தான் போட்டேன். நானே மீறினா நானே எனக்கு விளக்கம் கேட்டு எழுதணும்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஒரு வழி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேரோட கடைசி மூணு எழுத்தை மாத்திப் பார்ப்போம். உலாவிக்குத் தெரிஞ்ச எழுத்தா வச்சா அது நம்மாளுன்னு நினைச்சு உள்ள விட்டுடும்.”

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்து வேறு எழுத்துகளைப் போட்டார். இணையவாசலில் ஏற்றினார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கறுப்புக் கட்டம் வந்தது. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு புது வரி ஒன்று வந்தது. “இந்தக் கோப்பு சேதமடைந்துள்ளது.”

“பாருங்க!” என்று அதிகாரி மேசையைத் தட்டினார். “முன்னாடி அது திரும்பிக்கூடப் பார்க்கலை. இப்ப திறந்து பார்த்துட்டு வருத்தப்படுது. இது முன்னேற்றம் சார்.”

முன்னேற்றத்தை அவர் அன்றைக்கே அறிக்கையாக மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அறிக்கையில் “சேதம்” என்ற ஒரு சொல்லை மட்டும் அடிக்கோடிட்டார்கள். நான்கு நாளில் அக்காவின் மேல் இரண்டாவது குற்றச்சாட்டு வந்தது. கணினி அறையைக் கூட்டிப் பெருக்கியவரும் அதே தூய்மைப் பணியாளர்தான் என்பதால், சாட்சியக் காணொளி சேதமடைந்ததற்கு அவர் ஏன் பொறுப்பல்ல என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். அந்தக் கடிதத்தையும் பதிவேட்டுக்காரர்தான் தட்டச்சு செய்தார். உதவி செய்யப் போய்த் தாம் அக்காவின் கழுத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டோம் என்பது உறையில் முகவரி எழுதும்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சமையலறை வாசலில் நின்றார். அவர் மனைவி கல்யாண வீடியோ தொகுக்கிற ஸ்டுடியோவில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் ஊரார் கல்யாணத்தை வெட்டி ஒட்டிவிட்டு வந்து அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சிகரெட்டா?”

அவர் வாய் பிளந்து நின்றார்.

“தினம் புதினா மிட்டாய் மென்னுட்டே வர்ற மனுஷனை எனக்குத் தெரியாதாங்க? நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு வருஷமா இருக்கேன்.”

“அது இல்லம்மா. அதுக்கு மேல.”

எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முடிவெட்டின இடம் வந்தபோது அவர் தலையை ஒரு தரம் பார்த்தாள். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பக் கேட்டாள்.

“சாவியை மாட்டிட்டுத்தான் கத்தினீங்களா?”

“ஆமா.”

“முதல்ல மாட்டிட்டு.”

“ஆமா.”

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு துடைத்துக்கொண்டே, “பென்டிரைவைக் கொண்டாங்க” என்றாள்.

கோப்போடு உறையில் இருந்த பென்டிரைவை அவர் ஏற்கெனவே சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சாவி இருந்த அதே பைதான். அவள் மடிக்கணினியில் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இதுக்கா உங்க ஆபீஸ் இந்தப் பாடு படுது? உள்ள இருக்கறது சாதாரண வீடியோதான். காமிரா கம்பெனிக்காரன் தன்னோட பெட்டியில போட்டு அடைச்சு வச்சிருக்கான். அந்தப் பெட்டியை உங்க உலாவிக்குத் திறக்கத் தெரியலை. வேற பெட்டிக்கு மாத்தினாப் போதும். பேரை மாத்தினா எப்படி ஓடும்? பெட்டி மேல ஒட்டின சீட்டைத்தானே மாத்தியிருக்காங்க.”

நான்கு நிமிடம் ஆயிற்று. உலாவியைத் திறந்து அதிலேயே போட்டாள். ஓடியது.

திரை இரண்டு பாதியாக இருந்தது. இடது பாதியில் ஆவண அறையின் உட்புறம். வலது பாதியில் வெளியே நடைவழி. சத்தம் இல்லை. இடது பாதியில் அவர் ஜன்னலைத் திறந்தார், பற்றவைத்தார், நிதானமாகப் பிடித்தார், தம் தலைமுடியைக் கண்ணாடி அலமாரியில் பார்த்துக்கொண்டார். மனைவி பக்கத்தில் இருக்கும்போது அதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது. வலது பாதியில் அவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்துக்கு எதுவும் நடக்கவில்லை. அப்புறம் இடது பாதியில் மழை உள்ளே வந்தது.

இருபத்தாறாம் நிமிடத்தில் வலது பாதியில் அக்கா வந்தார். கதவைத் தள்ளினார். ஆணியைப் பார்த்தார். கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்து தரையைத் தடவினார். கதவைத் தட்டினார். வாய் அசைந்தது. இன்னும் பலமாகத் தட்டினார். கதவில் காதை வைத்துக் கேட்டார். ஓடினார். ஐந்து நிமிடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கதவிடுக்கில் திணித்தார். பிறகு மறுபடி தட்டத் தொடங்கினார். பதிவு முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். இடது பாதியில் முதல் அலமாரி நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது.

மனைவி மடிக்கணினியை மூடவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் தனியாக உட்கார்ந்து அதை இன்னும் ஏழு தடவை பார்த்தார்.

காலையில் சட்ட அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். “சார், ஓடுது.”

சட்ட அலுவலர் அதைத் தொடவில்லை. “இது என்ன?”

“அதே காணொளிதான். உலாவியில ஓடற மாதிரி மாத்தியிருக்கு.”

“மாத்தியிருக்கு. நீங்களே சொல்லிட்டீங்க. மாற்றப்பட்ட சாட்சியம் செல்லாது.”

“படம் ஒண்ணுதான் சார். ஒரு புள்ளிகூட மாறலை.”

“மாறலைன்னு எப்படிச் சொல்றது? மூலத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து, ரெண்டும் ஒண்ணுதான்னு சான்று கொடுக்கணும். மூலத்தை எதுல பார்க்கறது? உலாவியில. உலாவியில மூலம் ஓடுமா? ஓடாது. அப்ப மூலம் ஓடாது. ஓடறது மூலம் இல்லை.” அவர் முகத்தில், கணக்குச் சரியாக வந்த குழந்தையின் திருப்தி இருந்தது. “சட்டம் எவ்வளவு அழகா இருக்கு பார்த்தீங்களா? எந்தப் பக்கமும் ஒரு ஓட்டை கிடையாது. இதை நீங்க வெளியில எடுத்துட்டுப் போனீங்களான்னு நான் கேட்கலை. கேட்டா நீங்க பதில் சொல்வீங்க. சொன்னா எழுதணும். எழுத வேண்டியதும் நீங்கதான். எதுக்கு வீண் வேலை?”

இரண்டாவது குற்றச்சாட்டுக்கான விசாரணை அடுத்த வியாழக்கிழமை நடந்தது. அக்கா சலவைக் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காணொளி பார்க்கப்படும்போது குற்றம்சாட்டப்பட்டவர் அறைக்குள் இருக்கக் கூடாது. சேதம் எவ்வளவு என்று மதிப்பிடுவதற்காகக் குழு இணைப்பு நான்கை மறுபடியும் முழு நீளத்துக்கும் பார்க்க வேண்டியிருந்தது. விளக்கை அணைத்தார்கள். கறுப்புக் கட்டம் வந்தது. மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பதிவேட்டுக்காரர் விசைப்பலகையின் மேல் கையை வைத்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. எழுத ஆரம்பித்தார்.

“நிமிடம் மூன்று: ஆவண அறை எழுத்தர் ஜன்னலைத் திறந்து சிகரெட் பற்றவைக்கிறார். நிமிடம் எட்டு: ஜன்னலை மூடாமல் வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செல்கிறார்.” கட்டத்தில் சாம்பல் வரி அசையாமல் நின்றது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. “நிமிடம் இருபத்தாறு: தூய்மைப் பணியாளர் வந்து கதவைத் தள்ளுகிறார். ஆணியில் சாவி இல்லை.” அவருக்குக் கண் கலங்கியது, விரல் தப்பவில்லை. “நிமிடம் இருபத்தேழு: கதவைத் தட்டி ஏதோ சொல்கிறார்.” நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் கடைசி வரியை முடித்தார். விளக்கைப் போட்டார்கள்.

குறிப்பை அங்கேயே உரக்கப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது இருபதாம் விதி. துணை இயக்குநர் தாளை வாங்கிப் படித்தார். “குழுவால் முழுமையாகப் பார்க்கப்பட்டது” என்ற வரி வரைக்கும் சரளமாகப் போனது. “நிமிடம் மூன்று” என்று ஆரம்பித்தவர் நின்றார். தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இருவரையும் பார்த்தார்.

போன தடவை இதே காணொளியை முழுமையாகப் பார்த்ததாக மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

முதலில் சட்ட அலுவலர்தான் தொண்டையைச் செருமினார். “சிகரெட்டை நான் போன தடவையே கவனிச்சேன். பொருத்தமான நேரத்துல சொல்லலாம்னு இருந்தேன்.”

“புகையே தெரிஞ்சுதே” என்றார் கணினிப் பிரிவு அதிகாரி அவசரமாக. “நடுவுல நான் உலாவியைப் புதுப்பிச்சேன் இல்ல, அதுக்கப்புறம் ரொம்பத் தெளிவு. உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா சார்?”

துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். “தெரியாம என்ன? அந்தம்மா கதவைத் தட்டின இடத்துல எனக்கு மனசே கேட்கலை.” அதற்குள் அந்த இடம்வரை ரகசியமாகப் படித்துவிட்டிருந்தார். “என்ன தட்டு தட்டுறாங்க!”

“இடது கையால தட்டினாங்க” என்றார் சட்ட அலுவலர், விட்டுக்கொடுக்காமல்.

கையெழுத்து ஆயிற்று. மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டே துணை இயக்குநர் பதிவேட்டுக்காரரைப் பார்த்தார்.

“இது நீங்கதானே?”

“நான்தான் சார்.”

“உங்களைப் பத்தி நீங்களே எழுதியிருக்கீங்க. கூச்சமா இல்லையா?”

“இருக்கு சார்.”

“இருக்கட்டும். எழுத்துப்பிழை இல்லை.”

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. அக்காவின் மேல் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் நீங்கின. முதல் தேதியிலிருந்து வேலை. பதிவேட்டுக்காரரை ஒரு படி இறக்கி, குறிப்பு எழுதும் பொறுப்பைப் பறித்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் தபால் வாங்குகிற மேசைக்கு மாற்றினார்கள். அவர் அந்த உத்தரவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பணியாளர் கூட்டத்தில் துணை இயக்குநர் பத்தொன்பதாம் விதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். “உண்மையை ஒளிச்சு வைக்க முடியாது. நம்ம இணையவாசல் அதை வெளியில கொண்டுவந்தே தீரும். எங்க மூணு பேரோட கண்ணே அதுக்குச் சாட்சி” என்றபோது எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற பதிவேட்டுக்காரரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் திரையில் எதுவும் ஓடவில்லை என்பது தெரிந்துவிடும்.

முதல் தேதி காலை அக்கா வாளியோடு வந்தார். நடைவழியைத் துடைத்துக்கொண்டே படிக்கட்டு மேசைவரைக்கும் வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிவேட்டுக்காரர் மூன்று நாளாக வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். எழுந்து நின்றார்.

“அக்கா, நான் உங்களுக்கு…”

“உட்கார்ந்து காலைத் தூக்குங்க சார். ஈரம்.”

உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டார். தயார் செய்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை. வேறு கேள்விதான் வந்தது.

“அன்னைக்குக் கதவைத் தட்டும்போது ஏதோ சொன்னீங்களே, என்ன சொன்னீங்க? படத்துல சத்தம் இல்லை. ஏதோ சொல்கிறார்னுதான் எழுத முடிஞ்சுது.”

அக்கா துடைப்பானைப் பிழிந்தார். “உங்களைத்தான் கூப்பிட்டேன். கதவிடுக்குல புகை வாசனை வந்துச்சு. உள்ளே மயங்கிக் கிடக்கறீங்களோன்னு பயந்துட்டேன். ‘சார், சார், உள்ளதான் இருக்கீங்களா’ன்னு கேட்டுட்டே இருந்தேன். ஜன்னல் ஞாபகமெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு.”

பதிவேட்டுக்காரர் தூக்கிய காலோடு முன்னால் குனிந்தார்.

“அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியும். என் அறை. சிகரெட் வாசனை. குழு முன்னாடி அதைச் சொல்லியிருக்கலாமே அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

அக்கா மேசைக்கு அடியில் துடைப்பானை விட்டு இழுத்தார்.

“வாசனை வந்துச்சுதான். ஆனா உங்களை நான் கண்ணால பார்க்கலையே சார். பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?”

அவர் மூலையைத் துடைத்து முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். தரை காய்கிறவரைக்கும் பதிவேட்டுக்காரர் காலைக் கீழே வைக்கவில்லை.